நூற்றுப் பதினோராம் பக்கத்துக்குப் பிறகு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, கண்டியில் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று நிரூபிக்கத்தான் போனேன். இதை இப்படிப் பச்சையாக எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, நடந்தது அதுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்டி நகரத்தில் வாரயிறுதிகளில் முதுகலை வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனத்தில் நான் விரிவுரையாளர். அப்பா நகரத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். வீடு அம்பிட்டியவில். என்னிடம் படிக்க வருபவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. பாடசாலை ஆசிரியர்கள், கச்சேரி எனப்படும் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், வங்கியில் இருப்பவர்கள். பாதிப் பேர் என் வயது, சிலர் என்னைவிட மூத்தவர்கள். அவர்களுக்கு நான் மெடம். எனக்கு அவர்கள் டீச்சர், சேர். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது எங்கள் நிறுவனத்தில் காவலாளி வரை தெரியும்.

அந்தக் கோபத்துக்கு அந்த வருடம் ஒரு காரணமும் சேர்ந்திருந்தது. முந்திய குழுவில் ஒருவருடைய ஆய்வேட்டை நான்தான் மேற்பார்வை செய்தேன். பின்னால் உசாத்துணை நூல்கள் என்று அழகான ஒரு நீண்ட பட்டியல். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் பட்டியலில் உள்ள புத்தகங்களைத் தேடிப் பார்த்திருக்கிறார். பாதிக்கு மேல் இந்த உலகத்திலேயே இல்லாத புத்தகங்கள்! ஆய்வேட்டை எழுதியவர் கணினியின் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டிருக்கிறார், அது வஞ்சகமில்லாமல் புத்தகங்களை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் பரீட்சகர் என்னைப் பார்த்து, “மெடம், இதுல ஒரு புத்தகத்தையாவது நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் ஆசிரியையாக இருப்பதை விட்டுவிட்டுப் பொலிஸாக மாறிப்போனேன். யார் எதைக் கொண்டுவந்தாலும் அடிக்குறிப்பைத்தான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொன்றையும் இணையத்தில் போட்டுத் தேடுவேன். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பேன். சிலர் உண்மையிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஆகவே என் மூக்கு எப்போதும் சரியாகத்தான் மோப்பம் பிடிக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம் வளர்ந்துவிட்டது.

இந்த நிலையில்தான், நான் மேற்பார்வை செய்த ஒரு டீச்சரின் ஆய்வேட்டில் மூன்றாம் இயல் என் கைக்கு வந்தது.

அவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிப்பவர். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், இரண்டு வருட வகுப்பில் பத்து வார்த்தை பேசியிருப்பாரோ என்னவோ. அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, தோட்டத்து வாசிகசாலைகளில் பத்திரிகை வாசித்த முறை. அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துக்கு ஒரே ஒரு பத்திரிகைதான் வரும். மாலையில் வேலை முடிந்து எல்லோரும் வாசிகசாலையில் கூடுவார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். இது பலரும் அறிந்த செய்திதான்.

ஆனால் டீச்சர் மூன்றாம் இயலில் ஒரு புதிய விஷயம் எழுதியிருந்தார். ஒரு தோட்டத்து வாசிகசாலையின் கூட்டக் குறிப்புக் கொப்பியில் ஒரு தீர்மானம் இருக்கிறதாம். பத்திரிகை வாசிப்பவர் தன் சொந்தக் கருத்தை இடையில் சேர்க்கக் கூடாது, எழுதியிருப்பதை மட்டுமே வாசிக்க வேண்டும். கேட்பவர்களில் யாராவது ‘அது எங்கே எழுதியிருக்கிறது’ என்று கேட்டால், அவருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும், வாசிப்பவர் அந்த இடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். கீழே அடிக்குறிப்பு: கூட்டக் குறிப்புக் கொப்பி, பக்கம் 111.

வாசித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. அடுத்த நிமிடமே சந்தேகம் வந்தது. இவ்வளவு பொருத்தமாக ஒரு சான்று எங்காவது கிடைக்குமா? மேற்கோள் காட்டுவது எப்படி என்று நான் ஒரு தவணை முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவதை, கொழுந்து பறித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் இரண்டு வரியில் தீர்மானமாகப் போட்டிருப்பார்களா? அந்தக் கேள்விக்குள் எவ்வளவு அகங்காரம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அன்று அதை அறிவு என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தேன். இணையத்தில் இல்லை. நூலகப் பட்டியல்களில் இல்லை. வேறு யாருடைய ஆய்விலும் அந்தக் கொப்பியைப் பற்றி ஒரு மூச்சு இல்லை. சரி, இதுவும் கணினியின் கைவேலைதான் என்று முடிவுகட்டினேன்.

டீச்சரைக் கூப்பிட்டேன். வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

“டீச்சர், இந்தக் கொப்பி எங்க இருக்கு?”

“தோட்டத்துலதாங்க மெடம். பழைய வாசிகசாலையில.” கைப்பேசியை எடுத்தார். “போட்டோ எடுத்து வச்சிருக்கேன், பாருங்க.”

“போட்டோ எல்லாம் இந்தக் காலத்துல ஒரு நிமிசத்துல உண்டாக்கலாம். கொப்பியைக் கொண்டு வாங்க.”

“கொப்பி வெளிய வராதுங்க மெடம். அத வச்சிருக்கிறவங்க வாக்குக் குடுத்திருக்காங்க.”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற சிரிப்பு. “அப்ப நான் எழுத வேண்டியத எழுதிடுவேன் டீச்சர்” என்றேன். எழுதுவது என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும். போலிச் சான்று என்று பரீட்சைச் சபைக்கு ஒரு கடிதம் போனால் பட்டம் கிடையாது. அதைவிட, ஊரில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஒருவருக்குக் கள்ளத்தனம் செய்தவர் என்ற பெயர் வந்துவிடும். அந்த வருடம் ஆசிரிய ஆலோசகர் பதவிக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். அதற்கும் இந்தப் பட்டம் வேண்டும். அடுத்த திங்கட்கிழமைதான் ஆய்வேடு ஒப்படைக்கக் கடைசி நாள்.

அவர் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. என்னை நேராகப் பார்த்தார். “வந்து பாருங்க மெடம். பார்த்துட்டு என்ன எழுதணுமோ எழுதுங்க.”

சவால் விடுகிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை வருகிறேன் என்றேன். ஆய்வேடு எழுதும் காலம் என்பதால் அந்த வாரம் வகுப்பும் இல்லை. வெள்ளிக்கிழமையே கடிதத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டேன். பார்க்கப் போவதற்கு முன்பே தீர்ப்பை எழுதிக்கொண்டு போன ஆராய்ச்சியாளர் நான்!

பஸ் நிறையச் சனம். ‘இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட’ என்று கொண்டக்டர் ஆட்களை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். வளைந்து வளைந்து ஏறி, மழைப்புகாருக்குள் தெல்தோட்டையில் போய் இறங்கினேன். டீச்சர் காத்துக்கொண்டிருந்தார். கையில் இரண்டு குடைகள். நான் குடை இல்லாமல் வருவேன் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டே ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

ஓட்டோவில் போகும் வழியில் தன் வீட்டைக் காட்டினார். வாசலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் மரியாதைக்காக, “வீட்டுக்கு வந்துட்டுப் போவமா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க மெடம். முதல்ல கொப்பியப் பார்த்துருவோம். அதுக்கு முன்னால நீங்க எங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சா நல்லா இருக்காது” என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்பாத மண் அது. என் தீர்ப்பில் தன் தேநீரின் ருசி கலந்துவிடக் கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். நான் கடிதத்தை வைத்திருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பழைய வாசிகசாலை இப்போது கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி இயந்திரம், லெமினேட் செய்யும் பெட்டி, தொலைபேசி ரீலோட் அட்டைகள், சுவரில் அடையாள அட்டைப் படம் எடுக்க ஒரு நீலத் துணி. கடைக்காரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதான் கண்டி மெடமா? போட்டோவ நம்பாதவங்க?”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அசடு வழிந்தேன்.

கடை வைக்க அந்தக் கட்டடத்தைக் கேட்டபோது, கோயில் கமிட்டிக்காரர்கள் அவரிடம் ஒரேயொரு நிபந்தனை போட்டார்களாம். மூலையில் இருக்கும் இரும்பு அலுமாரியை அகற்றக் கூடாது, அதில் இருக்கும் கொப்பிகள் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. சரி என்று சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சொல்லியிருக்கிறார். “மந்திரி வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். இங்கயே ஒக்காந்து பாருங்க. அதுக்கு முன்னால இதுல எழுதுங்க” என்று ஒரு சீ.ஆர். கொப்பியை நீட்டினார். யார், என்றைக்கு, எந்தக் கொப்பியில் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்ற பதிவு அது.

என் பெயரை எழுதுவதற்காக விரித்தேன். மேலிருந்து கீழே வரை ஒரே பெயர். பக்கத்தைத் திருப்பினேன், அங்கேயும் அதே பெயர். பௌர்ணமிப் போயா விடுமுறைகள், பாடசாலை விட்டு வந்த மாலை நேரங்கள், விடுமுறைக் காலம் முழுக்க. இன்றைக்குப் பக்கம் 40 முதல் 43, அடுத்த முறை 44 மட்டும், அதற்கடுத்த முறை மீண்டும் 44. இரண்டு வருடம் இந்தப் பெண் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கொப்பியைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவருடைய பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

கைகளைத் துடைக்கச் சொன்னார் கடைக்காரம்மா. பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். டீச்சர் நூற்றுப் பதினோராம் பக்கத்தை விரித்தார். நான் அவருடைய மூன்றாம் இயலை மடியில் வைத்துக்கொண்டேன்.

“டீச்சர், விரல் வச்சுப் படிங்க” என்று அதட்டினார் கடைக்காரம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, “இங்க சட்டம் அப்படித்தான். டீச்சர்தான் அந்தக் காலத்துச் சட்டத்தக் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. அன்னைல இருந்து நான் புடிச்சுக்கிட்டேன்” என்றார்.

டீச்சர் ஒவ்வொரு வரியின் கீழும் விரல் வைத்து உரக்கப் படித்தார். நான் மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓர் எழுத்து மாறவில்லை. கருத்துச் சேர்க்கக் கூடாது என்பது இருந்தது. விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்பது இருந்தது. கீழே கூட்டத்துக்கு வந்தவர்களின் கையெழுத்துகள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரலைப் பதித்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அத்தனை பேர் சேர்ந்து, எழுத்துக்கு இவ்வளவு விசுவாசமாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர்கள் மேல் எனக்கு உண்டான மதிப்பு, பெரிய பெரிய அறிஞர்கள் மேல்கூட உண்டானதில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். ஆனால் கேட்கவில்லை. சங்கடத்தை மறைக்க, டீச்சர் பக்கத்தைத் திருப்பியதும் சும்மா எண்ணைப் பார்த்தேன். பொலிஸ் புத்தி அவ்வளவு சீக்கிரம் விடுமா?

“டீச்சர், 111க்குப் பிறகு 114 வருதே?”

அவர் குனிந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. “நான் கவனிக்கலையே மெடம்.”

கடைக்காரம்மா தாளின் ஓரத்தை விரலால் தடவினார். இரண்டு தாள்கள் ஈரத்தில் ஒட்டி ஒரே தாள் போல ஆகியிருந்தன. நடுவில் இரண்டு பக்கங்கள் அடைபட்டுக் கிடந்தன. லெமினேட் செய்யும் மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். அரை மணி நேரம் போயிருக்கும். போட்டோ கொப்பி எடுக்க வந்த இரண்டு பேரை, ‘நாளைக்கு வாங்க’ என்று தலையைத் திருப்பாமலே அனுப்பிவிட்டார். கடைசியில் தாள்கள் பிரிந்தன. மை அங்கங்கே ஒன்றில் ஒன்று பதிந்திருந்தாலும் வாசிக்க முடிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தின் குறிப்பு அது. டீச்சர் விரல் வைத்துப் படிக்கப் படிக்க அவருடைய குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு, பத்திரிகை வாசிப்பவர் கோபித்துக்கொண்டு வராமலே நின்றுவிட்டாராம். மூன்று வாரம் பத்திரிகை வாசிக்க ஆளில்லை. சனங்கள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஆகவே தீர்மானத்தை மாற்றிவிட்டார்கள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே முழுதாக வாசித்து முடிக்க வேண்டும். பிறகு பத்திரிகையை மடித்து மேசையில் வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு, ‘இது என் சொல்’ என்று சொல்லிவிட்டு, தன் கருத்தைத் தாராளமாகப் பேசலாம்.

டீச்சர் விரலை எடுக்கவில்லை. அவருடைய மூன்றாம் இயல் முழுவதும் அந்த முதல் தீர்மானத்தின் மேல் நின்றது. அந்த மக்கள் சொந்தக் கருத்துக்கு இடமே கொடுக்கவில்லை, எழுத்தை மட்டும்தான் நம்பினார்கள் என்று முப்பது பக்கம் எழுதியிருந்தார். அவ்வளவும் போயிற்று.

இங்கேதான் நான் இரண்டாவது முறை தவறு செய்தேன். அதுவும் நல்ல மனதோடு. அவருக்குச் செய்த அநியாயத்துக்கு எதையாவது செய்து ஈடுகட்ட வேண்டும் என்று மனம் துடித்தது. “டீச்சர், இத விடுங்க. நூற்றுப் பதினொன்றுல இருக்கிறது உண்மைதானே? நீங்க திங்கட்கிழமை ஒப்படைச்சுடுங்க. இந்தப் பக்கம் ஒட்டிப்போய் இருந்ததுன்னு நம்ம மூணு பேரத் தவிர யாருக்குத் தெரியும்? பிறகு ஒரு கட்டுரையாத் திருத்தி எழுதலாம்” என்றேன்.

கடைக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

டீச்சர் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, “பார்த்துட்டேனே மெடம்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஒழுக்கம், நேர்மை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணால் பார்த்த ஒன்றைப் பார்க்காதது போல எழுத அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் விடவில்லை. ஆலோசகர் பதவியை நினைவுபடுத்தினேன். இந்தத் தவணை தவறினால் அடுத்த குழுவோடுதான் ஒப்படைக்க முடியும், ஒரு வருடம் போய்விடும் என்றேன்.

“தெரியுங்க மெடம். ரெண்டு நாளா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், நீங்க கடிதம் எழுதினா என்ன ஆகும்னு. இப்ப நானே எனக்கு எழுதிக்க வேண்டியதாப் போச்சு” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொப்பியிலிருந்து விரலை எடுத்து, தன் பேனையை எடுத்து, அங்கேயே 112ஆம் பக்கத்தைப் பிரதி பண்ணத் தொடங்கினார். வீட்டில் ஆயிரம் வேலை கிடந்திருக்கும். இழந்த பதவிக்காக அழக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை அந்த மனுசி.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, “இப்ப வாங்க மெடம், தேத்தண்ணி குடிக்கலாம்” என்றார்.

அவர் வீட்டில் சீனி தூக்கலாகப் போட்ட இஞ்சித் தேநீரைக் குடித்துக்கொண்டு, என் கைப்பையில் இருந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். வருவதற்கு முன்பே எழுதிவிட்டேன் என்பதையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன்.

“நீங்க வந்தீங்களே மெடம்” என்றார் அவர். “எங்க தோட்டத்தப் பத்தி எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க. வந்து பார்த்தவங்க எத்தன பேரு? நீங்க சந்தேகப்பட்டாவது வந்தீங்க.”

அது பாராட்டா, குட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நான் வேறொரு கடிதம் கொடுத்தேன். டீச்சருக்கு அவகாசம் கேட்டும், நான் தவறாகச் சந்தேகப்பட்டதைச் சொல்லியும். எங்கள் பாடநெறி இணைப்பாளர் வாசித்துவிட்டு, “ரெண்டாவது பகுதி தேவையில்லையே மெடம், யார் கேட்டது?” என்றார். “பார்த்துட்டேனே சேர்” என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சலுகை கிடைக்கவில்லை. அந்த வருட ஆலோசகர் பதவி வேறொருவருக்குப் போனது. டீச்சர் மூன்றாம் இயலை முதலிலிருந்து எழுதினார். மேற்பார்வை செய்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அது முதல் வடிவத்தைவிட எத்தனையோ மடங்கு மேலாக வந்தது. எழுத்தை மட்டும் நம்பிய மனிதர்களைப் பற்றிய கதையாக இருந்தது, எழுத்தையும் தன் சொல்லையும் பிரித்து வைக்கக் கற்றுக்கொண்ட மனிதர்களின் கதையாக மாறியது. கோபித்துக்கொண்டு போனவரைத் திரும்ப அழைத்து, அவருடைய வாய்க்கும் மரியாதை கொடுத்து, பத்திரிகைக்கும் மரியாதை கொடுத்திருக்கிறார்கள். போன முறை என்னைக் கேள்வி கேட்ட அதே பரீட்சகர்தான் அந்த ஆய்வேட்டையும் படித்தார். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் எழுந்து நின்று டீச்சருக்குக் கை கொடுத்தார்.

நானும் வீட்டில் என் பழைய கட்டுரைகளை எடுத்து உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு எத்தனை கட்டுரை, எந்த ஆய்விதழ் என்பதுதான் கணக்கு. அவசரத்தில் ஓடுகிறோம். என் கட்டுரைகளில் நான் கண்ணால் பார்க்காத புத்தகங்கள் அடிக்குறிப்பில் இருந்தன. இன்னொருவருடைய அடிக்குறிப்பிலிருந்து எடுத்து, நானே பார்த்தது போலப் போட்டிருந்தேன். கணினியைத் திட்டிக்கொண்டிருந்த நான் அதைவிட எந்த விதத்தில் மேல்? ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு ஆய்விதழ்களுக்குத் திருத்தமும் அனுப்பினேன். ஒன்று பதிலே போடவில்லை.

டீச்சரின் ஆய்வேடு புத்தகமாகக் கட்டி முடிந்து ஒரு பிரதி எனக்கு வந்தது. நேரே மூன்றாம் இயலுக்குப் போனேன். கீழே சின்ன எழுத்தில் அந்த அடிக்குறிப்பு இருந்தது. கொப்பியின் 111 முதல் 113 வரையான பக்கங்களை ஆய்வாளர், மேற்பார்வையாளர், கொப்பியைப் பாதுகாத்து வருபவர் ஆகிய மூவரும் சேர்ந்திருந்து விரல் வைத்துப் படித்தனர் என்று எழுதியிருந்தார். பக்கங்கள் ஒட்டியிருந்ததைத் தான் கவனிக்காததையும், மேற்பார்வையாளர் சுட்டிக்காட்டிய பின்னரே பார்த்ததையும் எழுதியிருந்தார். நான் எதற்காக அங்கே போனேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

அதை இங்கே நான் எழுதிவிட்டேன், இது என் சொல். இப்போதும் ஓர் அடிக்குறிப்பில் பக்க எண்ணைப் போடுவதற்கு முன்னால் என் ஆட்காட்டி விரல் தானாகவே அந்த வரியைத் தேடிப் போகிறது, அது தாளைத் தொடும்வரை எனக்குப் பேனை ஓடுவதில்லை.